சந்தோஷ் டிராபியும் கொச்சிக்காரத் தமிழனும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "திருக்குறள் பற்றி இருவர், கோயில் பற்றி மூவர் எழுதிவிட்டார்கள், நீங்க பந்தைப் பத்தி எழுதுங்க சார்" என்றார்கள். மட்டாஞ்சேரியில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பைத்தியமும் தெரியும். கால்பந்துக்கும் தமிழ்ச் சங்க மலருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. போன வருடம் என் பேரன் கேட்ட ஒரு கேள்விதான் இதை எழுத வைத்தது. அது என்ன கேள்வி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சந்தோஷ் டிராபி என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட வேண்டும். பலர் அது சந்தோஷமாக வாங்கும் கோப்பை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! சந்தோஷ் என்பது பழைய வங்காளத்தில் இருந்த ஒரு ஜமீன். இன்று அந்த ஊர் பங்களாதேஷில் இருக்கிறது. அதன் மகாராஜா மன்மதநாத் ராய் சௌத்ரி கல்கத்தாவில் இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அவர் நினைவாகக் கொடுக்கப்பட்ட கோப்பைதான் இது. 1941-ல் ஆட்டங்கள் தொடங்கின. முதல் கோப்பையை வங்காளம் எடுத்தது. அன்று முதல் முப்பது தடவைக்கு மேல் அவர்களே எடுத்திருக்கிறார்கள். மாநிலங்களுக்கு இடையிலான போட்டி என்றாலும், மாநிலம் அல்லாத இரண்டு அணிகளும் இதில் உண்டு. ஒன்று பட்டாளத்தாரின் சர்வீசஸ், இன்னொன்று ரயில்வேஸ். இந்த இரண்டும் நாடு முழுவதிலிருந்தும் ஆள் எடுக்கலாம். சின்ன மாநிலத்துக்காரன் தன் எல்லைக்குள்ளே பதினொரு பேரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, ரயில்வேக்காரன் கராக்பூரிலிருந்து பெரம்பூர் வரை தேடலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

இன்னொரு விஷயமும் முக்கியம். இந்தப் போட்டியில் ஒருவன் எந்த மாநிலத்துக்கு ஆடுகிறான் என்பதை அவன் பிறந்த ஊர் தீர்மானிப்பதில்லை. எங்கே வேலை பார்க்கிறானோ, எந்த ஊர் கிளப்பில் பதிவு செய்திருக்கிறானோ, அந்த மாநிலத்துக்கு ஆடுவான். ஹைதராபாத்தில் பிறந்த பலராம் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார், ஆகவே வங்காளத்துக்காக இறங்கினார். அதாவது கால்பந்து அன்றைக்கே நம்மைப் போன்ற பிழைக்கப் போனவர்களின் விளையாட்டாகத்தான் இருந்தது.

கேரளம் பல வருடம் கோப்பை பக்கமே போகாததற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. மலபாரில் பந்து உருளாத வயல் கிடையாது. கோழிக்கோட்டு ரஹ்மான் 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காவது இடம் வந்த இந்திய அணியில் ஆடியவர். இரிஞ்ஞாலக்குடை சந்திரசேகரன் 1960-ல் ரோம் ஒலிம்பிக்ஸுக்குப் போனவர். ஆனால் ரஹ்மான் பேர் வாங்கியது கல்கத்தாவில், மோகன் பகான் சட்டையில். சந்திரசேகரனுக்குச் சோறு போட்டது பம்பாயில் ஒரு எண்ணெய்க் கம்பெனி. நல்லா ஆடினா வெளியூர்லதான் வேலை. பையன் ரயில் ஏறினால் அவன் கால் அந்த ஊருக்குச் சொந்தம். இதில் உச்சகட்ட வேடிக்கை என்னவென்றால், 1963-ல் மகாராஷ்டிரா அணிக்குத் தலைமை தாங்கி சந்தோஷ் டிராபியை வாங்கியவர் இதே இரிஞ்ஞாலக்குடைக்காரர்! அவர் பிறந்த மாநிலத்துக்கு அந்தக் கோப்பை வர மேலும் பத்து வருடம் ஆயிற்று.

பந்துக்கு ஊர் ஆதரவு மட்டும் குறைவே இல்லை. கோழிக்கோட்டில் 1952-ல் தொடங்கிய சேட் நாக்ஜி டூர்ணமென்ட் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதை நடத்தத் துணை நின்றது ஒரு குஜராத்திக் குடும்பம். நம் மட்டாஞ்சேரியில் குஜராத்தி ரோட்டில் இருப்பவர்களின் இனத்தார்தான். மலபார்க்காரன் ஆட்டம் பார்க்க வெளியூரிலிருந்து வந்து கடை போட்டவன் கோப்பை கொடுத்தான். நாமும் மலர் போடுகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம். ஒரு பந்தாட்டக் கோப்பை கொடுத்திருக்கலாமே என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சரி, அது பொதுக்குழுவில் பேச வேண்டிய விஷயம்.

அறுபதுகளின் கடைசியில்தான் நிலைமை மாறத் தொடங்கியது. ஆலுவா பக்கம் ஃபாக்ட் உரக் கம்பெனி, களமசேரியில் பிரீமியர் டயர்ஸ், திருவனந்தபுரத்தில் டைட்டானியம் என்று கம்பெனிகள் அணி கட்டி, ஆட்டக்காரனுக்கு உள்ளூரிலேயே உத்தியோகம் கொடுத்தன. காலையில் மைதானம், பிறகு ஆபீஸ், முதல் தேதி சம்பளம். வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே ஆடலாம் என்றானதும் பையன்கள் ரயில் ஏறுவது குறைந்தது. இன்னொரு பக்கம் கல்லூரிகள். 1968-ல்தான் ஆரம்பித்த கோழிக்கோடு பல்கலைக்கழகம், மூன்றே வருடத்தில், 1971-ல், பல்கலைக்கழகங்களுக்கான அஷுதோஷ் முகர்ஜி கோப்பையை வாங்கிவிட்டது. கட்டிடமே சரியாக எழும்பாத பல்கலைக்கழகம் கல்கத்தாக்காரன் பெயரில் உள்ள கோப்பையைக் கொண்டுவந்தது எங்களுக்கு, அன்றைய கல்லூரிப் பையன்களுக்கு, எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் கோழிக்கோட்டுக் கல்லூரி மாணவன்கூட இல்லை, எறணாகுளத்தில் படித்தவன். இருந்தும் என்னவோ நானே ஆடிய மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன். அந்த அணியில் இருந்த கோல்கீப்பர் விக்டர் மஞ்ஞிலா பிறகு கேரள அணிக்கும் வந்தார்.

1973 டிசம்பரில் சந்தோஷ் டிராபி எறணாகுளத்தில், மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் நடந்தது. கலூரில் இப்போதுள்ள ஜவஹர்லால் நேரு ஸ்டேடியமெல்லாம் 1996-ல் வந்தது. அன்று பெரிய ஆட்டம் என்றால் மகாராஜாஸ் மைதானம்தான். அதற்கு முந்தைய ஆட்டத்தொடரில் தமிழ்நாடு இறுதிவரை போய் வங்காளத்திடம் தோற்றிருந்தது. அதனால் நம்ம வீடுகளில் தமிழ்நாட்டு அணியைப் பற்றித்தான் பேச்சு. பக்கத்து மாநிலங்களான மைசூரும் ஆந்திராவும் கோப்பை பார்த்துவிட்டன. தெற்கே பார்க்காதது கேரளமும் தமிழ்நாடும் மட்டும். எங்கள் சித்தப்பா பஜார் ரோட்டில் ஒரு மலஞ்சரக்குக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "டேய், இவனுங்களாவது ஜெயிக்கிறதாவது, போய்ப் பாடத்தைப் படி" என்பார். கடையில் இருந்த மலையாளிகளே அதை மறுத்துப் பேசவில்லை. ஜெயிப்பார்கள் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை, ஆனாலும் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். தோற்கிற அணிக்கு ரசிகனாக இருப்பவனின் பக்தி தனி. ஜெயிக்கிற அணிக்கு யார் வேண்டுமானாலும் கை தட்டலாம்.

இறுதி ஆட்டம் டிசம்பர் 27, வியாழக்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறை, காலேஜ் கிடையாது. மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறினோம், நானும் தெருவில் உள்ள நாலு பேரும். ஏறும்போதே போட் ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவு கூட்டம். கேரளத்துக்கு எதிரே ரயில்வேஸ். அதற்கு முன்பே மூன்று தடவை கோப்பை வாங்கிய அணி. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு கோல் போஸ்ட் நன்றாகத் தெரியும், மற்றொன்று மனிதத் தலைகளுக்குப் பின்னால். மொத்தம் ஐந்து கோல் விழுந்த ஆட்டம், கேரளம் 3, ரயில்வேஸ் 2. கேரளத்தின் மூன்றையும் போட்டவர் கேப்டன் மணி ஒருவரே. மூன்றில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. மற்ற இரண்டையும் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கோல் விழுந்தால் ஒரு மாதிரி சத்தம், தப்பினால் வேறு மாதிரி. ரயில்வேஸ் போட்டபோது சத்தமே இல்லை. அந்த அமைதியிலேயே புரிந்துவிடும்.

மணி என்றதும் "நம்ம ஆளா?" என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். அவசரப்பட வேண்டாம். டி.கே. சுப்ரமணியம் என்கிற டி.கே.எஸ். மணி கண்ணூர் மாவட்டத் தளிப்பறம்புக்காரர். ஃபாக்ட் கம்பெனியில் ஆடியவர். பெயரில் சுப்ரமணியம் இருக்கிறது என்பதற்காக உரிமை கொண்டாடினால் பழனிக்கு மாலை போடும் மலையாளி அத்தனை பேரையும் நம் சங்கத்தில் சேர்க்க வேண்டிவரும்! அந்த ஒரு நாளுக்குப் பிறகு 2017-ல் அவர் காலமாகும்வரை ஊருக்கு அவர் 'கேப்டன் மணி'தான். துணைக் கேப்டன் நம் ஃபோர்ட்டுக்கொச்சி டி.ஏ. ஜாஃபர். நமக்குத் தெரிந்த முகம், அதே மணல், அதே காற்று. அதுவும் ஒரு பெருமை.

மறுநாள் அச்சுத மேனோன் அரசு மாநிலம் முழுக்க விடுமுறை விட்டது. அன்று இரவு திரும்பி வர எங்களுக்கு போட் கிடைக்கவில்லை. வெண்டுருத்திப் பாலம், அப்புறம் ஹார்பர் பாலம், தோப்பும்படி என்று நடந்தே வந்தோம். வழியெல்லாம் ஆள். யார் என்ன பாஷை என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், தூங்கவில்லை. "எத்தனை?" என்றார். "மூணு ரெண்டு" என்றேன். "மூணும் அவனேவா?" அவருக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது. கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அன்று மைதானத்தில் ஓரமாக நின்ற கேரள அணியின் பயிற்சியாளர் ஒரு தமிழர். ஒலிம்பியன் சைமன் சுந்தர்ராஜ். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் இந்திய அணியில் இருந்தவர். அந்த ஒலிம்பிக்ஸில் இந்தியா ஹங்கேரியிடம் 1-2, பெருவிடம் 1-3 என்று தோற்று, பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. தோற்றதைப் பார்க்காமல் எதிரே யார் என்று பாருங்கள். ஹங்கேரியும் பிரான்சும் நம்மை ஒரு கோல் வித்தியாசத்துக்கு மேல் அடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸ் வாசலையே மிதித்ததில்லை. சையத் அப்துல் ரஹீம் என்ற மாபெரும் பயிற்சியாளரின் கீழ் ஆடிய அந்தத் தலைமுறையின் கல்விதான் சுந்தர்ராஜ் மூலமாகக் கேரளத்துக்கு வந்தது என்று நான் எண்ணுகிறேன்.

மாநில அணிக்குப் பயிற்சி என்பது கிளப் அணிக்குப் பயிற்சி மாதிரி அல்ல. வருடம் முழுதும் ஃபாக்ட்காரனும் பிரீமியர்காரனும் டைட்டானியம்காரனும் ஒருவர் காலை ஒருவர் தட்டிவிட்டவர்கள். கொஞ்ச நாள் முகாமில் அவர்களை ஒரே அணியாக்க வேண்டும். யார் பந்தை யாருக்குக் கொடுப்பான், யார் பின்னால் இறங்கி உதவுவான் என்பதெல்லாம் புதிதாகப் பழக வேண்டும். இதோடு மலபார்க்காரன், கொச்சிக்காரன், திருவிதாங்கூர்க்காரன் என்ற உள்ளூர் அரசியல் வேறு. 1956 வரை மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது, தெற்கே தனி அரசு. மாநிலம் ஒன்றாகி அப்போது பதினேழு வருடம்தான் ஆகியிருந்தது. இந்த நிலையில் எந்தப் பக்கமும் சேராத வெளியூர்க்காரர் ஒருவர் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது லேசு. "அவன் உன் ஊர்க்காரன், அதான் எடுத்தே" என்று யாரும் சொல்ல முடியாதே! இது என் ஊகம்தான், ஆனாலும் கடையிலும் ஆபீசிலும் வெளியூர்க்காரனாகப் பஞ்சாயத்து செய்து பழகிய நமக்கு இது புரியும்.

தமிழர் பயிற்சி கொடுத்ததால்தான் கேரளம் ஜெயித்தது என்று நான் சொல்ல வரவில்லை. கோல் போட்டது மணி, ஓடியது அந்தப் பையன்கள். ஆனால் அன்று மைதானத்தில் தொண்டை கிழியக் கத்திய எனக்கு, ஓரத்தில் நின்ற மனிதர் என் பாஷைக்காரர் என்று தெரியாது. பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் பழைய கதையாகப் படித்தபோதுதான் தெரிந்தது. எனக்குக் கோபமே வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. என் மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு கேரளத்துக்கு எல்லாம் சுகமாக நடக்கவில்லை. அடுத்த கோப்பைக்குப் பத்தொன்பது வருடம். 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு இறுதி ஆட்டங்களில் தோற்றார்கள், அதில் இரண்டு சொந்த மண்ணில், கொல்லத்திலும் பாலக்காட்டிலும். கடைசியில் 1992-ல் கோயம்புத்தூரில், நம் மண்ணில், கோவாவை வென்று கோப்பை எடுத்தார்கள். அடுத்த வருடம் கொச்சியிலேயே மறுபடியும். இரண்டுக்கும் பயிற்சியாளர் நம் ஜாஃபர். 1973-ல் சுந்தர்ராஜிடம் படித்த பையன். 1992-ல் கேப்டனாக இருந்த வி.பி. சத்யன் பிறகு சென்னைக்குப் போய் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார், 2006-ல் அங்கேயே மறைந்தார். அவர்கள் ஆளை நாம் எடுத்தோம், நம் ஆளை அவர்கள் எடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் யாருக்கு யார் கடன் என்று சொல்ல முடியாது. 2001, 2004, 2018, 2022 என்று பிறகும் கேரளம் கோப்பை எடுத்திருக்கிறது. இப்போது யாரும் அவர்களை ஏழை அணி என்று சொல்ல முடியாது.

ஏழை அணி இப்போது நம்முடையதுதான். தமிழ்நாடு இந்தக் கோப்பையை ஒரு தடவைகூட வாங்கியதில்லை. 2012-ல் கட்டாக்கில் இறுதி ஆட்டம் வரை போய் சர்வீசஸ் அணியிடம் 2-3 என்று தோற்றோம். மறு வருடம் கலூர் ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம், கேரளமும் அதே சர்வீசஸும். பெனால்டியில் கேரளம் தோற்றது. ஒரே அணி, அடுத்தடுத்த வருடம், என்னுடைய இரண்டு வீட்டையும் அடித்துவிட்டுப் போனது! மற்றபடி நமக்கும் நல்ல நாள் வந்ததுண்டு. 2019 மார்ச் 9-ம் தேதி கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தை எடுத்தது. அன்றே இன்னொரு மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை ஜெயித்துவிட்டது. ஆகவே நாம் ஜெயித்தே ஆகவேண்டிய நிலை. கடைசியில் 43 புள்ளி நமக்கு, 42 அவர்களுக்கு. எங்கள் வீட்டு டிவியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நானும் என் மனைவியும் மட்டும். அவள் சீரியல் நேரம் போச்சே என்ற கவலையில் இருந்தாள்.

இனிப் பேரன் விஷயம். அவன் வெளி மைதானத்தில் சாயங்காலம் பந்து ஆடுகிறான். ஐ.எஸ்.எல். தொடங்கிய நாள் முதல் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் மஞ்சள் சட்டை, பிளாஸ்டர்ஸ். 2014, 2016, 2022 என்று மூன்று இறுதி ஆட்டம் தோற்ற அணி. ஆகவே இவனுக்கும் நான் சொன்ன அந்தப் பக்தி வாய்த்திருக்கிறது. சென்னையின் அணி 2015-லும் 2018-லும் பட்டம் வாங்கிவிட்டது. சென்னை வந்து ஆடுகிற நாளில் கூட்டாளிகள் இவனைச் சீண்டுகிறார்கள், "பாண்டி, நீ எந்தப் பக்கம்?" என்று. பாண்டி என்ற அந்தச் சொல்லை நாமெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்தான். சிலர் பாசத்தில் சொல்வார்கள், சிலர் அப்படிச் சொல்வதில்லை. பையன் வீட்டுக்கு வந்து கேட்டான்: "தாத்தா, நான் பிளாஸ்டர்ஸுக்குக் கை தட்டினா தப்பா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? கை தட்டாதே என்றால் அவன் பிறந்து வளர்ந்த ஊரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன். தட்டு என்று மட்டும் சொன்னால் வீட்டில் பேசும் பாஷை அடுக்களையோடு நின்றுவிடும். நான் பதில் சொல்லவில்லை. 1973 கதையைச் சொன்னேன். சந்தோஷ் டிராபியில் பிறந்த மாநிலம் கணக்கில்லை, நீ கொச்சியில் ஆடினால் கேரளத்துக்கு ஆடலாம், அதுதான் ரூல் என்றேன். கேரளத்துக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் பெயரை நாளைக்கு மைதானத்தில் அந்தப் பசங்களிடம் கேள், தெரிகிறதா பார் என்றேன்.

கேட்டிருக்கிறான். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அங்கே பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான சேட்டனுக்குத் தெரிந்திருக்கிறது. "சைமன் சாரல்லே" என்றாராம் உடனே. சார் என்று சேர்த்துச் சொன்னார் தாத்தா என்று பையன் அதையே இரண்டு தடவை சொன்னான்.

பிறகு என்னை ஒரு கேள்வி கேட்டான். மணி போட்ட மூணு கோல்ல நீங்க கண்ணால பார்த்தது எது? இரண்டாவது என்றுதான் ஐம்பது வருடமாகச் சொல்லிவந்திருக்கிறேன். என்னுடன் அன்று போட்டில் வந்த நண்பர் ஒருவர் இன்றும் செறளாயியில் இருக்கிறார். அது மூன்றாவது என்கிறார் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம்.